ரெண்டாமக்கா சுருட்டிய நடைபாதை

மேகாங் ஆறு ஒன்பது வாயாகப் பிரிந்து கடலில் விழுகிற தென் வியட்நாமில், ஒரு நகரத்தின் கால்வாய்க் கரையோரம் ஒரு சந்தை இருந்தது. இருந்தது என்று சொன்னால் அந்தச் சந்தைக்காரர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆகவே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குக் கூரை இல்லை, வாசல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, இத்தனை மணிக்குத் திறக்கும் என்று எழுதிவைத்த ஆளும் இல்லை. கிழக்கு வெளுக்கும்போது நடைபாதையில் ஒரு பாய் விழும், அந்தப் பாயைப் பார்த்து இன்னொரு பாய் விழும், அதைப் பார்த்து ஒரு கூடை இறங்கும், கூடைக்குப் பக்கத்தில் ஓர் அடுப்பு புகையும், ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் துள்ளுகிற விராலும் வாத்து முட்டையும் வாழைப்பூவும் பன்றி இறைச்சியும் ஈரம் காயாத கீரையுமாக ஒரு கடைத்தெரு முளைத்து நிற்கும். வாங்க வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. இடது காலை மட்டும் தரையில் ஊன்றி, எஞ்சினை அணைக்காமலே ஒரு கட்டுக் கொத்தமல்லி கேட்டு, கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காவல் வண்டி வந்தால் சந்தை மொத்தமும் பாயோடு எழுந்து பக்கத்துச் சந்துக்குத் தாவும். வண்டி போனதும் திரும்பத் தாவி வந்து உட்காரும். அதனால் ஊரார் அதைத் தேரைச் சந்தை என்பார்கள்.

அந்தச் சந்தையின் ஒரு மூலையில், மின்கம்பத்துக்கும் பாதாம் மரத்துக்கும் இடையில் உட்கார்ந்திருந்தவள் ரெண்டாமக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் லூவா. வீட்டுக்கு மூத்தவள்தான். ஆனால் அந்தச் சீமையில் தலைச்சன் பிள்ளையை முதலாவது என்று யாரும் கூப்பிடுவதில்லை. முதல் பிள்ளையைக் கொண்டுபோகலாம் என்று வருகிற கெட்ட ஆவி ஏமாந்து போகட்டும் என்று மூத்ததையே இரண்டாவது என்பார்கள், அதற்கு அடுத்ததை மூன்றாவது என்பார்கள். ஆவிக்கே தண்ணி காட்டிய ஜனம், அதிகாரிகள் எம்மாத்திரம்.

ரெண்டாமக்கா நண்டுச் சாறு விற்றாள். வயல் நண்டை ஓட்டோடு உரலில் இடித்து, வடித்து, தக்காளியும் புளியும் போட்டுக் கொதிக்கவைத்து, நம் இடியாப்பம் போலப் பிழிந்த அரிசிச் சேவையின் மேல் ஊற்றித் தருவாள். ஒரு முனையில் பானையும் மறுமுனையில் கிண்ணங்களுமாகக் காவடிக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முதன்முதலில் இந்த மூலைக்கு வந்தபோது அவளுக்குப் புருஷன் போன துக்கம் ஆறவில்லை, மகன் ஹுங்குக்குப் பால்பல் விழவில்லை. அந்த மூலைதான் மகனை வளர்த்தது, படிக்கவைத்தது, தொழிற்பேட்டைக்கு அனுப்பியது. இப்போது அவன் அங்கிருந்து வாராவாரம் போனில் கூப்பிடுகிறான்.

"முட்டி வலியோட எதுக்கும்மா தெருவுல உக்காந்துக்கிட்டு? இங்க வந்துடு. பிள்ளையைப் பார்த்துக்கிட்டு ரூம்ல நிம்மதியா இரு."

அவளுக்குப் பேரப்பிள்ளை மேல் கொள்ளை ஆசை. ஆனாலும் போக மனமில்லை. அங்கே போனால் அவள் ஹுங்கின் அம்மா, ஒற்றை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற ஒரு கிழவி. இங்கே அவள் ரெண்டாமக்கா. அவள் கரண்டியைத் தட்டினால் பத்து வண்டி நிற்கும். இந்த மூலை இருக்கிற வரைக்கும்தான் மகனிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் உண்டு. மூலை போய்விட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இப்படி இருக்கையில் ஒரு காலை, வட்ட அலுவலகத்தின் ஒலிபெருக்கி கொசு ஒழிப்பு அறிவுரையை முடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசியது. நடைபாதை நடப்பதற்கே என்றது. கால்வாய்க்கு அக்கரையில் பளபளவென்று மாடிக் கட்டடச் சந்தை தயார், இக்கரையில் உட்கார்கிற எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு என்றது. இக்கரை நடைபாதையில் பூந்தொட்டி வைத்து அழகு செய்யப்போகிறோம், மாகாணத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து திறந்துவைப்பார், அதற்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும் என்றது.

ரெண்டாமக்கா அக்கரைக்குப் போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். கீரைக்காரி தூயென் ஓடிவந்து கேட்டாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்குடி. ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி யாராவது வேற வழியில்லாம வந்தாத்தான் யாவாரம்."

"நமக்கு எங்க இடமாம்?"

"மாடியில. ஒரு கட்டுக் கீரைக்கு எவன் வண்டியைப் பூட்டிட்டு மாடிப்படி ஏறுவான், சொல்லு?"

தூயென் தன் கீரைக்கட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

கெடு முடிந்த காலை லாரி வந்தது. சீருடைக்காரர்கள் இறங்கினார்கள். இனிமேல் தாவித் திரும்ப முடியாது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பக்கத்துச் சந்துக்கும் கயிறு கட்டியிருந்தார்கள். ரெண்டாமக்கா அடுப்பை அணைத்தாள், கிண்ணங்களை அடுக்கினாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குனிந்து, பாயின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினாள். பாயோடு நடைபாதையும் வந்தது. காய்ச்சிய பாலில் ஆடை வருகிற மாதிரி, சிமெண்டுக் கல்லும் கல்லிடுக்கிலிருந்த புல்லும் சாறு சிந்திச் சிந்திக் கறுத்த கறையும் அப்படியே உரிந்து மேலே வந்தன. அடியில் கறுப்பு வண்டலும் திகைத்துப்போன ஒரு நண்டும் இருந்தன.

"என்ன இன்னிக்கு இந்தக் கனம் கனக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே ரெண்டாமக்கா கடைசிவரை சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, காவடியின் ஒரு முனையில் மாட்டினாள். மறுமுனையில் பானை. தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு, சீருடைக்காரர்களின் நடுவே நடந்தே போனாள். அவளைப் பார்த்துத் தூயென் தன் பாயைச் சுருட்டினாள், அதுவும் வந்தது. மீன்காரியுடையது மீன் செதிலோடு வந்தது, முட்டைக்காரியுடையது உடையாமல் பதமாக வந்தது. பன்றி இறைச்சி விற்கிற ஐந்தாமண்ணன், சும்மா வருகிறதே என்று பக்கத்து இடத்திலும் ஒரு முழம் சேர்த்து உருவப் பார்த்தான். அது மட்டும் அசையவில்லை. யார் எவ்வளவு உட்கார்ந்து தேய்த்தார்களோ அவ்வளவுதான் எழுந்தது. ஐந்தாமண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அன்றைக்கே சந்தை பள்ளிக்கூடச் சுவரோரம் விரிந்தது. மறுநாள் படகுத்துறையில், அதற்கடுத்து பேருந்து நிற்கிற திருப்பத்தில். எங்கே விரித்தாலும் நடைபாதை தன் குணத்தை விடவில்லை. பாதாம் மரம் பழைய இடத்தில் நிற்க, அதன் நிழல் மட்டும் ரெண்டாமக்காவின் பாயோடு கூடவே வந்து வெயிலுக்கு இதமாக விழுந்தது. வண்டியில் போகிறவர்களின் இடது கால் தானாகவே தரைக்கு இறங்கியது. ஜனங்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை; அவரவர்க்கு அவரவர் வேலை. நடைபாதையை எப்படித் துவைப்பது என்பதுதான் முதல் கவலையாக இருந்தது. கால்வாயில் முக்கி அலசி மொட்டைமாடியில் காயப்போட்டார்கள், கீழ்வீட்டுக்காரி சட்டையில் மண் சொட்டுகிறது என்று சண்டைக்கு வந்தாள், மழைநாளில் அது காயாமல் புழுங்கி வீடெல்லாம் மீன் வாடை அடித்தது. முட்டைக்காரி தன் மகளுக்குக் கல்யாணம் பண்ணியபோது நடைபாதையில் பாதியை வெட்டிச் சீராகக் கொடுத்தாள், சம்பந்தி வீட்டார் தடவிப் பார்த்துவிட்டு நல்ல ஓரத்தைத்தான் கொடுத்திருக்கிறாள் என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

நிலத்துச் சாமி கூட வருவாரா மாட்டாரா என்பதில்தான் பெரிய வாக்குவாதம் நடந்தது. அங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தொந்தியும் சிரிப்புமாக ஒரு சாமி உண்டு. நிலம் இடம் மாறினால் சாமி பழைய குழியில் இருப்பாரா, புதிய இடத்துக்கு வருவாரா? பூசாரியைக் கேட்டார்கள், பூசாரி, எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை என்று கையை விரித்தார். ரெண்டாமக்காதான் வழி சொன்னாள். சாமிக்குப் பிடித்த கறுப்புக் காப்பியை ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி, சுருட்டிவைத்த நடைபாதைக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் கோப்பை காலி. சாமி நம்மோடுதான் இருக்கிறார் என்று அன்றோடு பேச்சு முடிந்தது.

வட்ட அலுவலகம் சும்மா இருக்குமா? ஒரு நாள் லாரியோடு வந்து சுற்றி வளைத்து, தராசையும் கூடையையும் பறிப்பது போல ஏழெட்டு நடைபாதைகளைப் பறித்துக்கொண்டு போய் அலுவலக முற்றத்தில் போட்டார்கள். போட்ட வேகத்தில் கட்டு அவிழ்ந்து அவை விரிந்துகொண்டன. மறுநாள் விடிந்ததும் அலுவலக வாசலில் ஒரே ஹாரன் சத்தம். தூக்கக் கலக்கத்தோடு வழக்கமான வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் முற்றத்துக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, இடது காலை ஊன்றி, "அரைக்கிலோ விரால் கொடுங்க, செதில் எடுத்துடுங்க" என்று எழுத்தரிடம் கேட்டார்கள். எழுத்தர், விரால் இல்லை என்றதும் கோபித்துக்கொண்டார்கள். வட்டத் தலைவரே வேலைக்கு வந்தவர், தன்னை அறியாமல் ரெண்டாமக்காவின் நடைபாதைத் துண்டில் குந்தி, "ஒரு கிண்ணம், காரம் தூக்கலா" என்று சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு எழுந்தார். பிற்பகலே எல்லாவற்றையும் அதே லாரியில் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பாவம்.

இதைக் கேட்டு ஊரே சிரித்தது. ரெண்டாமக்காவும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்குத் தெரியும், இது ரொம்ப நாள் ஓடாது. நடைபாதை மழையில் நனைந்தால் கல்லாகக் கனத்தது. முட்டி, நான் உனக்கு இனி உழைக்கமாட்டேன் என்று தினமும் சொன்னது. சிலநாள் தூயென் ஒரு முனையில் தோள்கொடுத்தாள். அவளுக்கும் தன் துண்டு இருக்கிறதே, எத்தனை நாள் சுமப்பாள்? மழைக்காலம் முடிந்ததும் வந்து உன்னை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று ஹுங் சொல்லிவிட்டான். இந்தத் தடவை அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றாள். போனை வைத்துவிட்டு, பார்க்கலாம் என்று தன் வாயால் சொல்லிவிட்டோமே என்று அழுதாள்.

அந்தப் பக்கம் கால்வாய்க் கரை பாழாய்க் கிடந்தது. நடைபாதை எழுந்துபோன இடமெல்லாம் வண்டல் பள்ளம். முழங்கால் அளவு சேறு. நடைபாதை நடப்பதற்கே என்ற ஒலிபெருக்கிக்கு எதிரே நடக்க ஒரு சாண் தரை இல்லை. லாரி லாரியாக ஜல்லி கொட்டினார்கள், சேறு விழுங்கிவிட்டது. புதுக் கல் பதித்தார்கள், காலையில் கல் இருந்த இடத்தில் சேறு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் நெருங்கியது. பெரியவர் வருகிற தேதியை மாற்ற யாருக்கும் தைரியமில்லை. கடைசியில், திட்ட அலுவலகத்தில் அந்த நடைபாதையை வரைந்த குவாங் என்ற இளம் பொறியாளரை, நீ போட்ட கோடு, நீயே போய்க் கேள் என்று அனுப்பிவைத்தார்கள்.

குவாங் நல்ல பையன். ஆனால் சந்தைக்கு எந்த நேரத்தில் போகவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கூட்டம் சேர்வதற்கு முன் பேசிவிடலாம் என்று விடியலிலேயே போய், பேருந்துத் திருப்பத்தில் அப்போதுதான் பாய் விரித்த ரெண்டாமக்காவின் முன்னால் நின்றான். ஒருவரும் வராத நேரம். நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இருப்பதைப் போலவே அங்கேயும் போணி உண்டு; போணிக்கு வருகிறவர் கேட்டதை இல்லை என்று சொன்னால் அன்றைக்கு அந்தக் கடை மட்டுமில்லை, வரிசை முழுதும் ஈ ஓட்டும். அதனால் போணிக்கு வந்தவர்கள் அங்கே கடையில் உள்ளதைத்தான் கேட்பார்கள், பார்த்துத்தான் கேட்பார்கள். குவாங்குக்கு அது தெரியாது.

"சித்தி, எங்களுக்கு நடைபாதை வேணும்" என்று வாயைத் திறந்ததும் கேட்டுவிட்டான்.

வரிசை முழுவதும் கை நின்றது. தூயென் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி, போணியில வந்து கேட்கிற பொருளாடா இது?" என்று ஐந்தாமண்ணன் கத்தியோடு எழுந்தான். "அக்கா, குடுத்துடாத. கீழ விரிச்சு மண்ணோட ஒட்டிக்கிச்சுன்னா மறுபடி எழுமோ எழாதோ. நம்ம கதை கந்தல்தான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தோளில் இருக்கிற வரைக்கும்தான் அது அவர்களுடையது. கீழே விரித்துவிட்டு, மறுபடி லாரி வந்து, இந்த முறை அது எழவில்லை என்றால்? ரெண்டாமக்கா யோசித்தாள். மகனின் ஒற்றை அறையையும் சாத்திய கதவையும் யோசித்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் முட்டி தாங்கும் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனால் போணிக்கு வந்தவனை வெறுங்கையாக அனுப்பியவள் என்று ஒரு பேச்சு வந்தபிறகு, எந்த மூலையில் உட்கார்ந்தால் என்ன, அவள் என்ன ரெண்டாமக்கா?

"உக்காரு தம்பி. முதல்ல சாப்பிடு" என்று ஒரு கிண்ணம் கொடுத்தாள். அவன் பசியோடு உறிஞ்சிக் குடித்து முடித்தான். அப்புறம் சொன்னாள்: "போணியில கேட்டுட்ட. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு, இது என் கூடத்தான் வரும். நான் இல்லாம வராது."

"நீங்களும் வாங்க சித்தி. விரிச்சுக் குடுத்துட்டு, பெரியவர் கார் வர்றதுக்கு முன்னாடி பக்கத்துச் சந்து வழியா போயிடலாம். நான் வழி பண்றேன்."

"போறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்" என்றாள் ரெண்டாமக்கா.

விழா நாள் விடியலில் சந்தை மொத்தமும் காவடியோடு கால்வாய்க் கரைக்கு நடந்து வந்தது. ஊர் அதைப் பார்க்கக் கூடியிருந்தது. கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அப்படிக் கூடியதில்லை. ரெண்டாமக்கா முதலில் அவிழ்த்தாள். நடைபாதை அவள் கையிலிருந்து நழுவி, தன் பள்ளத்தை மோப்பம் பிடித்த மாதிரி போய்ப் படுத்தது, நிழல் மரத்தடிக்குப் போய் மரத்தோடு சேர்ந்துகொண்டது. அடுத்தடுத்து எல்லோரும் விரித்தார்கள். ஓரமும் ஓரமும் ஒட்டின, இடுக்கு தெரியவில்லை, சேறு மறைந்தது; அலுவலக ஆட்கள் நடுவில் பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். முட்டைக்காரியின் மகள்கூடப் புகுந்த வீட்டிலிருந்து தன் பாதியைக் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போனாள். விரித்ததும் பழக்க தோஷத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அடுப்பு மூட்டினார்கள்.

அவர்களைக் கிளப்பிவிட குவாங் ஓடிவருவதற்குள் பெரியவரின் கார் வந்துவிட்டது, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. வட்டத் தலைவர் கார்க் கதவைத் திறந்துவிட ஓடினார். பெரியவர் இறங்கினார், கையில் ஒலிபெருக்கியோடு இணைத்த மைக்கைக் கொடுத்தார்கள், பளபளக்கும் காலணியோடு நடைபாதையின் நடுவுக்கு வந்து நின்றார். சந்தைக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். நரைத்த தலை, வயதான மனிதர், ஊருக்கு வந்த விருந்தாளி. பெரியவர் ஒருவர் வந்து முன்னால் நின்றால் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்க அவர்கள் மரியாதை தெரியாத ஜனமா? ரெண்டாமக்கா முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். வரிசை முழுவதும் எழுந்தது.

நடைபாதையும் எழுந்தது.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், அவரவர் காலடியோடு, கரைப்பக்கமும் சாலைப்பக்கமும் ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு வர, நடுவில் நின்ற பெரியவரும் வட்டத் தலைவரும் பூந்தொட்டிகளும் தூளியில் போட்ட பிள்ளை மாதிரி உள்ளே சரிந்தார்கள். தலைவர் பெரியவர் மேல் விழுந்தார், தொட்டி தலைவர் மேல் விழுந்தது. மரியாதை போதவில்லையோ என்று சந்தைக்காரர்கள் இன்னும் நிமிர்ந்து நின்றார்கள். தூளி இன்னும் ஆழமானது.

"உக்காருங்க!" என்று பெரியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அலறினார். "உக்காருங்கம்மா! எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காருங்க! யாரும் எழுந்திரிக்கக் கூடாது!"

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதை வட்டம் முழுவதும் சொன்னது. அந்த ஊரில் ஒலிபெருக்கியில் வந்துவிட்டால் அது உத்தரவு. வந்ததை இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது, சொன்னவராலும் முடியாது. ஐந்தாமண்ணன் முதல் ஆளாக உட்கார்ந்தான். தூயென் சிரிப்பையும் அழுகையையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மீன்காரி, முட்டைக்காரி, வாழைப்பூக்காரி என்று வரிசையாக உட்கார, நடைபாதை ஒவ்வொரு சாணாக இறங்கித் தரையானது.

ரெண்டாமக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவள் மூலை இன்னும் தூக்கியபடி இருந்தது. இத்தனை காலம் அவள் அந்தத் தெருவைக் குந்தியபடியே பார்த்தவள். சக்கரங்களையும் முழங்கால்களையும் ஊன்றிய இடது கால்களையும்தான் பார்த்தவள். இன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்று, கோடிவரைக்கும் பார்த்தாள். எல்லாப் பாயும் அதனதன் இடத்தில் இருந்தது. எல்லா அடுப்பும் புகைந்தது. வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. இனி மகன் கூப்பிட்டால் சொல்ல அவளிடம் பதில் இருக்கிறது: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீ இங்கே வா, வந்து சாப்பிட்டுப் போ. அவளுக்கு நெஞ்சு நிறைந்து பெருமையாக இருந்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை.

"அக்கா" என்றார் பெரியவர், அவளைவிட மூத்தவர், சரிந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இந்த முறை மைக் இல்லாமல், தணிந்த குரலில். "தயவுசெஞ்சு நீங்களும் உக்காருங்கக்கா."

ரெண்டாமக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் சாறு பொங்கி மூடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் உட்கார்ந்தாள், கரண்டியை எடுக்க.